மீட்டரில் 230 வோல்ட், ஸ்கிரீனில் 0.00: சி புரோகிராமர்களைச் சுற்றலில் விடும் ‘ஏலியாசிங்’ சிக்கல் என்ன, தீர்வு என்ன?

‘மாடசாமி (எ) மணி’. செய்தித்தாளில் இப்படி எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். அந்த ‘(எ)’ என்றால் ‘என்கிற’. பெயர் இரண்டு, ஆள் ஒன்று. அந்த ஒற்றை எழுத்தைப் போட மறந்துவிட்டால், படிப்பவர் இரண்டு பேர் என்றே நினைத்துக்கொள்வார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

கம்ப்யூட்டரிலும் இதே கதை உண்டு. மெமரியில் இருக்கும் ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் அதற்கு ‘ஏலியாசிங்’ என்று பெயர். சி மொழியில் எழுதுபவர் அந்த ‘(எ)’-வைச் சொல்லாமல் விட்டால், கம்பைலர் இரண்டும் வேறு வேறு என்று முடிவுகட்டிவிடும். எர்ரர் வராது. புரோகிராமும் ஓடும். ஆனால் விடை தப்பாக வரும், அதுவும் சில சமயம் மட்டும்.

லினக்ஸ் கெர்னல் முதல் பைத்தான் வரை பலரும் மல்லுக்கட்டிய சிக்கல் இது. சென்னை, கோவை, பெங்களூரு என்று எம்பெடட் வேலைக்குப் போகும் இளைஞர்கள் என்றாவது ஒருநாள் இதை எதிர்கொள்வார்கள். அன்றைக்குக் கைகொடுக்கும் சில விஷயங்கள் இங்கே.

ஒரு மில், ஒரு மீட்டர், ஒரு இரவு

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில். மின்சாரச் செலவைக் கண்காணிக்க எனர்ஜி மீட்டர் மாட்டியிருக்கிறார்கள். மீட்டர் சொல்வதைப் படித்து ஸ்கிரீனில் காட்ட ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு. அதற்கான புரோகிராமை எழுதியவர், பக்கத்தில் மம்சாபுரத்தில் இருந்து வேலைக்கு வந்துபோகும் இளம் இன்ஜினியர்.

இரண்டு வாரமாக எல்லாம் சரியாக ஓடியது. பிறகு, போர்டில் இடம் பற்றவில்லை என்று கம்பைலரின் ஆப்டிமைசேஷனை ஆன் செய்து, புது வெர்ஷனை ஏற்றினார். அன்று இரவு ஷிப்டில் போன் வந்தது. மீட்டர் முகப்பில் 230 வோல்ட் காட்டுகிறது. ஸ்கிரீனில் 0.00. மெஷின்கள் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

“அண்ணே, கோடுல ஒரு எழுத்துகூட மாத்தலண்ணே. என் லேப்டாப்ல இப்பவும் கரெக்டா வருது” என்பார் அவர். சீனியர் கேட்கும் முதல் கேள்வி, “ஆப்டிமைசேஷன் ஆன் பண்ணியா தம்பி?” என்பதாகத்தான் இருக்கும்.

இது விளையாட்டு இல்லை. மில்லின் மின்கட்டணத்தில் ‘மேக்ஸிமம் டிமாண்டு’ என்று தனிக் கணக்கு உண்டு. எந்த நேரத்தில் எவ்வளவு லோடு ஏறுகிறது என்று தெரியாவிட்டால் பணம் போகும். அந்த ஸ்கிரீனை நம்பி ஒரு ரிலே ஆன், ஆஃப் ஆகிறது என்றால் பணத்தோடு நிற்காது.

230 எப்படி 0.00 ஆனது?

இத்தகைய மீட்டர்கள் பெரும்பாலும் ‘மாட்பஸ்’ என்ற முறையில் பேசும். அதில் தகவல் 16 பிட் துண்டுகளாக வரும். 230.0 போன்ற தசம எண்ணுக்கு 32 பிட் வேண்டும் என்பதால், அது இரண்டு துண்டுகளாக வந்து சேரும். 230.0 என்ற ஃப்ளோட் எண்ணை ஹெக்ஸ் முறையில் எழுதினால் 4366 0000. முதல் துண்டு 4366, அடுத்தது 0000.

எந்தத் துண்டை முதலில் அனுப்புவது என்பதில் மீட்டர் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. சிலது 4366-ஐ முதலில் அனுப்பும், சிலது 0000-வை. நம் கதையில் வரும் மீட்டர் இரண்டாவது வகை. ஆகவே வந்து சேர்வது 0000 4366. புரோகிராம் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றிவிட்டு, அதை ஃப்ளோட்டாகப் படிக்க வேண்டும்.

அவர் எழுதிய வழி இது: 32 பிட் முழு எண் இருக்கும் முகவரியை எடுத்து, ‘இது 16 பிட் எண்களின் முகவரி’ என்று காஸ்ட் செய்து, இரண்டு பாதிகளையும் மாற்றி வைத்தார். பிறகு அதே முகவரியை ‘இது ஃப்ளோட்டின் முகவரி’ என்று இன்னொரு முறை காஸ்ட் செய்து படித்தார். ஒரே இடத்துக்கு மூன்று பெயர். ஒரு ‘(எ)’ கூட இல்லை.

ஆப்டிமைசேஷன் இல்லாதபோது கம்பைலர் சொன்னதைச் சொன்ன வரிசையில் அப்படியே செய்தது, விடை சரியாக வந்தது. ஆப்டிமைசேஷன் வந்ததும், ‘16 பிட் எண்ணில் எழுதியதற்கும் இந்த ஃப்ளோட்டுக்கும் சம்பந்தமில்லை’ என்று கருதி, மாற்றுவதற்கு முன்பிருந்த மதிப்பையே படிக்க அதற்கு உரிமை கிடைத்துவிட்டது. 0000 4366-ஐ ஃப்ளோட்டாகப் படித்தால் புள்ளிக்குப் பிறகு 40 பூஜ்யங்கள் வந்து, அதற்கப்புறம்தான் ஒரு எண் வரும். இரண்டு இலக்கம் மட்டும் காட்டும் ஸ்கிரீனில் அது 0.00.

எல்லாக் கம்பைலரும், எல்லா வெர்ஷனும் இந்த இடத்தில் தவறும் என்று அர்த்தமில்லை. இத்தனை பக்கத்தில் நடக்கும் மாற்றத்தைப் பல புதிய வெர்ஷன்கள் கவனித்து, சரியான விடையையே தந்துவிடும். அதுதான் ஆபத்தும்கூட. இன்று ஓடும், அடுத்த அப்டேட்டில் உடையும்.

கம்பைலர் ஏன் அப்படி நினைக்கிறது?

பாயின்டர் என்பது மெமரியில் ஓர் இடத்தின் முகவரி. எந்த இரண்டு பாயின்டரும் ஒரே இடத்தைக் காட்டலாம் என்றால், கம்பைலர் ஒவ்வொரு முறை எழுதிய பிறகும் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க, சி மொழியின் தர விதிகளில் ஒரு சலுகை இருக்கிறது: டைப் வேறு என்றால் இடமும் வேறு என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் ‘ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங்’ விதி என்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். ஓர் அலுவலகத்தில் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று விவசாயிகள் பட்டியல், இன்னொன்று மில் தொழிலாளர்கள் பட்டியல். ஒரே ஆள் இரண்டிலும் இருக்க மாட்டார் என்பது அந்த அலுவலகத்தின் விதி. அதனால் தொழிலாளர் பட்டியலில் ஒருவரின் போன் நம்பர் மாறினால், விவசாயிகள் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வேலை சீக்கிரம் முடியும்.

மம்சாபுரம் பக்கம் இந்த விதி எடுபடுமா? பகலில் தோட்டத்தையும் இரவு ஷிப்டில் மில்லையும் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் நம்பரை ஒரு பட்டியலில் மாற்றியிருப்பார். அடுத்த பட்டியலில் பழைய நம்பரே கிடக்கும். அலுவலகம் விதிப்படிதான் நடந்தது. ஒரே ஆள் இரண்டு பட்டியலில் நுழைந்ததுதான் விதிமீறல்.

சி மொழியில் காஸ்ட் செய்து இன்னொரு டைப் பாயின்டரால் படிப்பது அப்படி இரண்டாவது பட்டியலில் சத்தமில்லாமல் நுழைவதுதான்.

இந்த விதிக்கு விலக்குகளும் உண்டு. சைன்டு, அன்சைன்டு என்ற வித்தியாசம் மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஸ்ட்ரக்ட் அல்லது யூனியனுக்குள் அந்த டைப் உறுப்பாக இருந்தால் பரவாயில்லை. முக்கியமாக, ‘கேர்’ டைப் பாயின்டர் எதையும் பைட் பைட்டாகப் படிக்கலாம், அதற்கு எல்லாப் பட்டியலையும் பார்க்க அனுமதி உண்டு.

ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஃப்ளோட்டை கேர் பாயின்டரால் படிக்கலாம் என்பதால், கேர் அர்ரேவை ஃப்ளோட் பாயின்டரால் படிக்கலாம் என்று ஆகாது. இந்த விலக்கு ஒருவழிப் பாதை. சீரியல் போர்ட்டில் வந்த பைட்களை ஒரு பஃபரில் வாங்கி, அந்த பஃபரையே ஃப்ளோட் என்று காஸ்ட் செய்வது விதிமீறல்தான். போதாக்குறைக்கு, அந்த முகவரி நான்கால் வகுபடாவிட்டால் சில சின்ன ப்ராசஸர்கள் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

7-ஆ, 106 கோடியா?

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அதற்கு இரண்டு பாயின்டர்கள் வரட்டும், ஒன்று இன்ட், இன்னொன்று ஃப்ளோட். முதல் வரியில் இன்ட் இடத்தில் 7 எழுதுங்கள். இரண்டாவது வரியில் ஃப்ளோட் இடத்தில் 1.0 எழுதுங்கள். மூன்றாவது வரியில் இன்ட் இடத்தில் இருப்பதைத் திருப்பிக் கொடுங்கள். இந்த ஃபங்ஷனைத் தனி ஃபைலில் வைத்து, இன்னொரு ஃபைலில் இருந்து இரண்டு பாயின்டருக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

ஜி.சி.சி கம்பைலரில் ஆப்டிமைசேஷன் இல்லாமல், அதாவது ‘-ஓ0’ போட்டால், 1065353216 என்று வரும். 1.0 என்ற ஃப்ளோட்டின் பிட்களை முழு எண்ணாகப் படித்தால் கிடைப்பது அதுதான், 106 கோடிக்கு மேல். அதே கோடை ‘-ஓ2’ போட்டு கம்பைல் செய்தால் விடை 7. ‘நடுவில் ஃப்ளோட்டில்தானே எழுதினாய், என் 7 எங்கே போகும்?’ என்று கம்பைலர் மெமரியைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

எது சரியான விடை? இரண்டும் இல்லை. விதியை மீறிய புரோகிராமுக்கு இன்ன விடைதான் வர வேண்டும் என்று சி தரம் எதையும் சொல்வதில்லை. ‘வரையறுக்கப்படாத நடத்தை’ என்று அது கைகழுவிவிடும்.

இவ்வளவு ரிஸ்க் எதற்கு?

வேகத்துக்காகத்தான். ஆயிரம் ஃப்ளோட் எண்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொன்றையும் மெமரியில் உள்ள ஓர் இன்ட் எண்ணால் பெருக்க வேண்டும். ஃப்ளோட்டில் எழுதும்போது அந்த இன்ட்டும் மாறிவிடலாம் என்ற சந்தேகம் இருந்தால், அதை ஆயிரம் முறையும் மெமரியிலிருந்து படிக்க வேண்டும். மாறாது என்று தெரிந்தால், ஒருமுறை படித்து ரிஜிஸ்டரில் வைத்துக்கொண்டால் போதும். ஒரே அடியில் நான்கு, எட்டு எண்களைச் சேர்த்துப் பெருக்கும் வசதிகளையும் அப்போதுதான் பயன்படுத்த முடியும். மொபைலில் வீடியோ ஓடுவதும் போட்டோ ஃபில்டர் நொடியில் விழுவதும் இந்த மாதிரி சேமிப்புகளை நம்பித்தான்.

கம்பைலரே கண்டுபிடிக்கக் கூடாதா?

நியாயமான கேள்வி. ‘நான் விதியை எல்லாம் நம்பவில்லை, எந்தெந்த பாயின்டர் ஒரே இடத்தைக் காட்டுகிறது என்று நீயே ஆராய்ந்து சொல்’ என்று கம்பைலரிடம் சொன்னால் என்ன?

முழுசாக முடியாது என்பதற்குக் கணித ஆதாரமே இருக்கிறது. அதை 1994-ல் தந்தவர்களில் ஒருவர் ஜி.ராமலிங்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், ஐ.பி.எம் ஆய்வகத்திலும் பின்னாளில் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்திலும் பணியாற்றியவர். ‘ஏலியாசிங்கின் தீர்மானிக்க முடியாமை’ என்ற பொருள்தரும் தலைப்பில் அவர் வெளியிட்டது சில பக்கங்களே கொண்ட கட்டுரை. ஓடும்போது மெமரி கேட்டு வாங்கி, சங்கிலி போன்ற டேட்டா அமைப்புகளை உருவாக்கும் புரோகிராம்களில், இரண்டு பாயின்டர்கள் ஒரே இடத்தைக் காட்டுமா என்று எல்லா நேரமும் சரியாகச் சொல்லும் அல்காரிதம் இருக்கவே முடியாது என்பது அதன் சாரம். வில்லியம் லாண்டி என்ற ஆய்வாளரும் 1992-ல் இதையொட்டிய முடிவை வெளியிட்டிருந்தார்.

அதனால்தான் உலகம் முழுக்க ‘பாயின்டர் அனாலிசிஸ்’ என்று ஒரு தனி ஆய்வுத் துறையே நடக்கிறது. முழுத் துல்லியம் கிடைக்காது. எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு சீக்கிரம் நெருங்கலாம் என்பதுதான் அங்கே போட்டி. மும்பை ஐ.ஐ.டி-யின் உதய் கேட்கர், சென்னை ஐ.ஐ.டி-யின் ரூபேஷ் நஸ்ரே போன்றவர்கள் இந்தத் துறையில் வேலை செய்தவர்கள்.

ஆக, கம்பைலர் ஓரளவுக்குத்தான் கண்டுபிடிக்கும். மிச்சத்துக்கு அது நம் வாக்குறுதியை நம்புகிறது.

1988-லேயே தொடங்கிய சண்டை

சி மொழிக்கு முதல் தர விதிகள் எழுதப்பட்டபோதே இது பஞ்சாயத்தானது. ‘இந்த பாயின்டர் வேறெதனுடனும் இடத்தைப் பகிராது’ என்று சொல்ல ‘நோஏலியாஸ்’ என்ற சொல்லைச் சேர்க்கும் யோசனை வந்தது. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி 1988-ல் அதைக் கடுமையாக எதிர்த்துத் தரக் குழுவுக்கு எழுதினார். அந்தச் சொல் கைவிடப்பட்டது. 1989-ல் வந்த தரத்தில் அது இல்லை.

ஆனால் தேவை போகவில்லை. ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் அர்ரேக்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்க, அதில் எழுதக் கூடாது என்ற விதி முன்பே இருந்தது. அதனால் கணக்குப் போடும் வேலையில் சி பின்தங்கியது. கடைசியில் 1999 தரத்தில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல், முன்பைவிடத் தெளிவான வரையறையோடு உள்ளே வந்தது. அதை எழுதினால் ஒரே டைப் பாயின்டர்களாக இருந்தாலும் ‘இவை மோதாது’ என்று நீங்கள் எழுதிக்கொடுத்ததாக அர்த்தம்.

எழுதிக்கொடுத்ததை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் ஒரு உதாரணம் கிடைத்தது. ஃபெடோரா 14 லினக்ஸில் அடோபி ஃப்ளாஷ் மூலம் கேட்ட பாட்டு கரகரத்தது. காரணம், ‘மெம்காப்பி’ என்ற நகலெடுக்கும் ஃபங்ஷன். மூலமும் நகலும் ஒன்றின்மேல் ஒன்று விழக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஃப்ளாஷ் அதை மீறி வந்திருக்கிறது, பல காலம் ஒன்றும் ஆகவில்லை. லைப்ரரி வேகத்துக்காக நகலெடுக்கும் திசை மாற்றப்பட்டதும் குட்டு வெளிப்பட்டது. அந்த இடத்தில் ‘மெம்மூவ்’ பயன்படுத்தியிருக்க வேண்டும்.

பெரிய தலைகள் என்ன செய்தார்கள்?

லினக்ஸ் கெர்னல் இந்தச் சலுகையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. ‘-எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங்’ என்ற ஃப்ளாக் போட்டுத்தான் கெர்னல் கம்பைல் ஆகிறது. டைப் வேறாக இருந்தாலும் இடம் ஒன்றாக இருக்கலாம் என்று கம்பைலருக்கு அது சொல்லிவிடும். லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த விதியைப் பலமுறை வெளிப்படையாகவே திட்டியிருக்கிறார்.

பைத்தான் இரண்டு வழியையும் பார்த்தது. பைத்தான் 2-ல் ஒரே ஆப்ஜெக்ட்டைப் பொது ஸ்ட்ரக்ட் ஒன்றாகவும் தனி ஸ்ட்ரக்ட் ஒன்றாகவும் மாற்றி மாற்றிப் படிக்கும் பழக்கம் இருந்தது. அதுவும் அதே ஃப்ளாக்கின் தயவில் ஓடியது. பிறகு பி.இ.பி 3123 என்ற முன்மொழிவின்படி, எல்லா ஆப்ஜெக்ட்டிலும் பொதுப் பகுதியை முதல் உறுப்பாக உள்ளேயே வைத்து, விதிக்கு உட்பட்டு மாற்றி எழுதினார்கள். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0-ல் அந்த மாற்றம் இருந்தது.

கேம் ரசிகர்களுக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. 1999-ல் வந்த ‘குவேக் 3 அரீனா’ கேமில் வர்க்கமூலத்தின் தலைகீழை மின்னல் வேகத்தில் கணக்கிடும் பிரபலமான ஃபங்ஷன் இருக்கிறது. ஃப்ளோட்டின் முகவரியை ‘லாங்’ முகவரியாகக் காஸ்ட் செய்துதான் அந்த வித்தை நடக்கிறது. அன்றைய சூழலில் ஓடியது. இன்று 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், ஃப்ளோட் 4 பைட்தான். அந்த வரியை அப்படியே காப்பி அடித்தால் ஏலியாசிங்கோடு அளவுச் சிக்கலும் சேர்ந்து வரும்.

சரிசெய்வது எப்படி?

*முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.* -ஓ0-வில் சரியாகவும் -ஓ2-வில் தப்பாகவும் வந்தால், -ஓ2-வோடு ‘-எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங்’ சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இப்போது விடை சரியானால், சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. அப்படியும் தப்பாகவே வந்தால் வேறு பிழையைத் தேட வேண்டும்.

*வார்னிங்கை ஆன் செய்யுங்கள், அதையும் ஆப்டிமைசேஷனோடு.* ஜி.சி.சி-யில் ‘-டபிள்யூஆல்’ போட்டால் ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங் எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். ஆனால் அந்த விதி செயலில் இருக்கும்போது மட்டும்தான் அது பேசும். -ஓ0-வில் விதியே செயலில் இல்லை, எச்சரிக்கையும் வராது. டீபக் பில்டில் ஒரு வார்னிங்கும் இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். எச்சரிக்கை நிலையை 1-க்கு இறக்கினால் இன்னும் அதிகமாகச் சுட்டிக்காட்டும், அதில் சில வீண் அலாரமாகவும் இருக்கும்.

*ஓடும்போதே பிடிக்கும் டூலும் வந்துவிட்டது.* 2025-ல் வெளியான எல்.எல்.வி.எம் 20-ல் கிளாங் கம்பைலருக்கு ‘டைப் சானிட்டைசர்’ சேர்ந்தது. புரோகிராம் ஓடும்போது எந்த இடத்தை எந்த டைப்பில் எழுதி, எந்த டைப்பில் படிக்கிறோம் என்று கவனித்து, மீறல் நடந்த வரியைக் காட்டும்.

இனி மருந்து.

*பாயின்டரே வேண்டாம் என்றால் அதுதான் உத்தமம்.* நம் மீட்டர் கதையில் பாதிகளை இடம் மாற்ற பாயின்டர் தேவையே இல்லை. எண்ணை 16 பிட் இடப்பக்கம் தள்ளுங்கள். அதே எண்ணை 16 பிட் வலப்பக்கம் தள்ளுங்கள். இரண்டையும் ‘ஆர்’ செய்யுங்கள். முடிந்தது. எண் அன்சைன்டு 32 பிட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஒரே கட்டளையாக மாற்றத் தெரிந்த கம்பைலர்கள் உண்டு.

*டைப் மாற்ற மெம்காப்பி.* 32 பிட் எண்ணின் 4 பைட்டையும் ஒரு ஃப்ளோட் வேரியபிளுக்குள் மெம்காப்பியால் நகலெடுங்கள். ஃப்ளாஷ் கதை நினைவுக்கு வந்து பயப்பட வேண்டாம். இங்கே மூலமும் நகலும் தனித்தனி இடம். ‘ஃபங்ஷன் கால் ஆகுமே, ஸ்லோ ஆகாதா?’ என்பது வழக்கமான கேள்வி. அளவு 4 பைட் என்று முன்பே தெரிந்தால், ஆப்டிமைசேஷனில் ஜி.சி.சி-யும் கிளாங்கும் அந்த அழைப்பையே நீக்கிவிட்டு, சாதாரண மூவ் கட்டளையாக மாற்றிவிடும். முகவரி நான்கால் வகுபடாத சிக்கலும் இதில் வராது.

*யூனியன்.* ஒரே இடத்துக்கு இரண்டு டைப் பெயர் என்று சட்டப்படி அறிவிக்கும் வழி இது. சரியாக அந்த ‘(எ)’ போடுவது மாதிரி. சி மொழியில் செல்லும். ஆனால் சி++ தரத்தில் இதற்கு உத்தரவாதம் இல்லை. அங்கே மெம்காப்பி, அல்லது சி++20-ல் வந்த ‘பிட்_காஸ்ட்’.

*கைவைக்க முடியாத பழைய கோடா?* பத்து வருடம் பலர் எழுதிய ஒரு லட்சம் வரி கோடு என்றால், ஒரே நாளில் எல்லா காஸ்ட்டையும் துடைக்க முடியாது. லினக்ஸ் வழியில் போய் அந்த ஃப்ளாக்கைப் போட்டுவிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் போகும், விடை மாறாது. ஆனால் அந்த ஃப்ளாக் பில்டு ஃபைலில் எழுதப்பட்டு, ஏன் போட்டோம் என்று பக்கத்தில் ஒரு வரி குறிப்பும் இருக்க வேண்டும். நாளைக்கு வருபவர் ‘இது எதுக்கு’ என்று எடுத்துவிட்டால் பழைய பேய் திரும்பி வரும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

நடுவில் ஒரு பிரின்ட் வரி போட்டதும் விடை சரியாகிவிட்டது என்றால், அது தீர்வு இல்லை. வெளி ஃபங்ஷன் ஒன்று நடுவில் வந்ததால் கம்பைலர் தன் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கலாம். பிரின்ட்டை எடுத்த அன்று பிழை திரும்பும்.

எல்லா இடத்திலும் ‘வாலட்டைல்’ போடுவதும் அதே மாதிரிதான். அது ஹார்டுவேர் ரிஜிஸ்டர் போன்ற வேறு தேவைகளுக்கு. டைப் விதிமீறலை அது சட்டப்படி ஆக்காது, அறிகுறியை மட்டும் மறைக்கலாம்.

வார்னிங் வருகிறதே என்று முதலில் ‘வாய்ட்’ பாயின்டராக மாற்றி, பிறகு வேண்டிய டைப்புக்கு மாற்றினால் வார்னிங் நின்றுவிடலாம். மீறல் நிற்காது. இரண்டாவது பட்டியலுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்த கதைதான்.

ஏஐ டூல் எழுதித் தந்த கோடிலும் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது. நெட்டில் கிடக்கும் பழைய சி கோடு முழுக்க இந்த காஸ்ட் வித்தைதான். அதைப் படித்து வளர்ந்த டூல் அதையே திருப்பித் தந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மொழி மாறினால் தப்பிக்கலாமா?

ஓரளவுக்கு. ரஸ்ட் மொழியில் ஓர் இடத்தை மாற்றும் உரிமை ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரெஃபரன்ஸுக்குத்தான். ‘(எ)’ வைத்துக்கொண்டு இருவர் எழுத முடியாது என்பதை கம்பைலரே சரிபார்க்கும். ஆனால் ‘அன்சேஃப்’ என்று எழுதி உள்ளே இறங்கினால் பொறுப்பு மறுபடி நம் தலையில்தான்.

இருக்கும் உலகம் இன்னும் சி-யில்தான் ஓடுகிறது. எனர்ஜி மீட்டர், பம்ப் செட் கன்ட்ரோலர், எடை மெஷின் எனச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன போர்டுகளில் பெரும்பாலும் அதுதான். சென்னை ஐ.ஐ.டி-யில் உருவான ‘சக்தி’ ப்ராசஸருக்கு சி-யில் எழுதினாலும் இதே கம்பைலர், இதே விதி.

நம் கதையின் இன்ஜினியர் விடிவதற்குள் மாற்ற வேண்டியது இரண்டே வரி. காஸ்ட் செய்து இடம் மாற்றிய வரிக்குப் பதில் பிட் நகர்த்தல், காஸ்ட் செய்து படித்த வரிக்குப் பதில் மெம்காப்பி. ஆப்டிமைசேஷனை ஆஃப் செய்யத் தேவையில்லை. ஸ்கிரீனில் 230.00 வரும்.

கையோடு அவர் செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் இருக்கிறது. இனிமேல் சோதனையை எல்லாம் மில்லுக்குப் போகிற அதே -ஓ2 பில்டிலேயே செய்துவிடுவது. ‘என் லேப்டாப்பில் ஓடுகிறது’ என்பது பாதிப் பதில்தான் என்று அந்த இரவு ஷிப்ட் போன் அவருக்குச் சொல்லியிருக்கும்.